சார்லி டெய்லர் – ரைட் சகோதரர்களின் ஃபிட்டர்

மலர்க்குழு நண்பர் போன் செய்து, இந்தத் தடவை உன் பங்குக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு வேண்டும், மாணவர்களும் படிக்கிற மாதிரி இருக்கட்டும் என்று சொன்னார். விஸ்வேஸ்வரய்யாவை சிவில்காரர்கள் எடுத்துக் கொண்டு விட்டார்களாம். ஜி.டி. நாயுடுவைப் பற்றிப் போன மலரிலேயே வந்தாயிற்று. சரி, ரைட் சகோதரர்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். பள்ளிக்கூடப் பாடத்திலேயே படித்து முடித்து விட்டோமே என்று சிரித்தார். அப்படியானால் அவர்களிடம் வேலை பார்த்த ஃபிட்டரைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, எழுது என்றார்.

அந்த ஃபிட்டரின் பெயர் சார்லஸ் எட்வர்ட் டெய்லர். எல்லோரும் கூப்பிட்டது சார்லி. விமான மெக்கானிக் வேலை பார்க்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கு இவர்தான் மூல புருஷர். நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இவரைத் தெரியாமல் போச்சு. எனக்கே என் அக்கா மகன் மூலமாகத்தான் தெரிய வந்தது.

அந்தக் கதையை முதலில் சொல்லி விடுகிறேன். அக்கா மகன் அமெரிக்காவில் இருக்கிறான். வீட்டுக் காரேஜில், சனி ஞாயிறுகளில், இரண்டு பேர் உட்காரும் ஒரு சின்ன விமானத்தைத் தன் கையாலேயே கட்டிக் கொண்டிருக்கிறான். அந்த நாட்டில் அதற்குச் சட்டமே இடம் தருகிறது. பாதிக்கு மேல் வேலையைக் கட்டுகிறவரே செய்திருக்க வேண்டும், படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாமா, நீங்கள் ஆயுசு முழுக்க டீசல் பம்பும் ஃபில்டருமாக ஒர்க்‌ஷாப்பில் கழித்தவர், டாங்கிலிருந்து என்ஜினுக்கு எந்த ட்யூப் போடலாம், எந்த ஃபில்டர் போடலாம், வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றான். போனேன். போன இடத்தில்தான் ஒரு நாள் டியர்பார்ன் நகரில் இருக்கும் கிரீன்ஃபீல்ட் வில்லேஜுக்குக் கூட்டிப் போனான். ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையை அப்படியே டேட்டனிலிருந்து பெயர்த்துக் கொண்டு வந்து அங்கே வைத்திருக்கிறார்கள். உள்ளே லேத், ட்ரில்லிங் மெஷின், ஒர்க் பெஞ்ச். நம்ம காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் இதைவிட நாலு மெஷின் அதிகம் இருந்திருக்கும். இதை வைத்துக் கொண்டா என்று வாயடைத்து நின்று விட்டேன்.

சார்லி பிறந்தது 1868-ம் வருஷம் மே 24-ம் தேதி, இல்லினாய் மாநிலத்தில் செரோ கோர்டோ என்ற சின்ன ஊரில். குடும்பம் நெப்ராஸ்காவுக்குக் குடிபெயர்ந்தது. 12 வயதில் படிப்பை விட்டாச்சு. லிங்கன் நகரில் ஒரு பத்திரிகை ஆபீசில் எடுபிடி வேலை. பிறகு அங்கேயே பைண்டிங் பகுதியில். மெஷின் என்றால் அந்தப் பையனுக்கு அப்படி ஒரு ஈர்ப்பு. 1894-ல் ஹென்ரியட்டா வெபர்ட் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்து கொண்டார். இரண்டு வருஷம் கழித்து ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகருக்கு வந்து விவசாயக் கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். பிறகு சொந்தமாக ஒரு சின்ன மெஷின் ஷாப். அங்கேதான் ரைட் சகோதரர்களின் பழக்கம். சைக்கிள் பாகங்களைக் கடைந்து கொடுக்கச் சொல்லி வேலை கொடுத்தார்கள். அவர்கள் கடை வைத்திருந்த கட்டடமும் சார்லியின் மனைவி வீட்டு உறவினருடையதுதான்.

1901 ஜூன் மாதம் சார்லி அவர்களிடமே வேலைக்குச் சேர்ந்தார். அதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் மணிக்கு 25 சென்ட். இவர்கள் 30 சென்ட் தருவதாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள், கூட்டிப் பார்த்தால் 18 டாலர். அண்ணன் தம்பி இருவரும் கிட்டி ஹாக் கடற்கரையில் கிளைடர் விடப் போகும் நாட்களில் கடையைப் பார்த்துக் கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும். அதற்காகத்தான் எடுத்தார்கள். விமானம் செய்யப் போகிறோம் என்று சொல்லி யாரும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. மனுஷன் ஓயாமல் சுருட்டு பிடிப்பவர். ரைட் சகோதரர்கள் இருவருக்கும் புகை ஆகாது. தங்கை கேதரினுக்கும் இவருக்கும் அவ்வளவாக ஒத்துப் போகாது. ஆனாலும் கையில் அத்தனை சுத்தமான வேலை இருந்ததால் பொறுத்துக் கொண்டார்கள்.

1902-ம் வருஷக் கடைசி. கிளைடர் நன்றாகப் பறக்கிறது. இனி என்ஜின் வேண்டும். 8 குதிரைசக்தி, எடை 200 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. கார் என்ஜின் செய்யும் கம்பெனிகள் பலவற்றுக்கு எழுதிப் போட்டார்கள். செய்து தர ஒருவரும் முன்வரவில்லை. சரி, நாமே செய்து கொள்வோம் என்று ஆனது. நாமே என்றால் யார்? சார்லி. அவருக்கு அதற்கு முன் இருந்த பெட்ரோல் என்ஜின் அனுபவம் என்ன தெரியுமா? ஒரே ஒரு காரை ரிப்பேர் பார்க்க முயன்றது. அவ்வளவுதான்.

முறையான டிராயிங் கிடையாது. மூன்று பேரில் யாராவது ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு பாகத்தை வரைவார்கள். சார்லி அதைத் தன் பெஞ்சுக்கு மேலே ஒரு ஆணியில் குத்தி வைத்துக் கொண்டு வேலையை ஆரம்பிப்பார். கிராங்க் ஷாஃப்ட் செய்த விதத்தை மெக்கானிக்கல் மாணவர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். ஃபோர்ஜிங் வசதி இல்லை. சுமார் 100 பவுண்டு எடையுள்ள ஒரு ஸ்டீல் கட்டியை வாங்கி, அதன் மேல் ஷாஃப்ட்டின் உருவத்தைக் கோடு போட்டு, கோட்டின் ஓரமாக வரிசையாக ட்ரில் செய்து, சுத்தியலும் உளியும் வைத்து வேண்டாத பகுதியைத் தட்டி எடுத்தார். பிறகு லேத்தில் ஏற்றிக் கடைந்தார். முடிந்தபோது எடை 19 பவுண்டு. மீதி 81 பவுண்டும் தரையில் துருவலாகக் கிடந்தது. கிராங்க் கேஸை மட்டும் உள்ளூர் ஃபவுண்டரியில் அலுமினியத்தில் வார்த்து வாங்கினார்கள். செம்பு 8 சதவீதம் கலந்த அலுமினியம். நாலு சிலிண்டர், 4 அங்குல போர், 4 அங்குல ஸ்ட்ரோக். ஆறே வாரத்தில் என்ஜின் தயார். ஓடி முடிந்து சூடேறிய நிலையில் 12 குதிரைசக்தி தந்தது. கேட்டது 8, கிடைத்தது 12.

இப்போது பெட்ரோல் லைனுக்கு வருகிறேன். அக்கா மகனுக்காகப் போய் நான் கற்றுக் கொண்டது இங்கேதான்.

அந்த முதல் விமானத்தில் பெட்ரோல் பம்ப் கிடையாது. கார்புரேட்டர் என்று இன்று நாம் சொல்வதும் கிடையாது. மேல் இறக்கைக்குக் கீழே ஒரு கம்பத்தில் சின்னதாக ஒரு டாங்க். அங்கிருந்து ஒரு குழாய் வழியாகப் பெட்ரோல் தானாக இறங்கி என்ஜினுக்கு வரும். நடுவில் நிறுத்துவதற்கு ஒரு சின்னக் குழாய்த் திருகு. அது வீடுகளில் கேஸ் விளக்குக்குப் போடுகிற சாதாரணத் திருகு. கடையில் கிடைப்பதை வாங்கிப் பொருத்தி விட்டார் சார்லி. பெட்ரோல் போய் விழுவது என்ஜினின் மேல் இருக்கும் ஒரு தட்டையான அறையில். அங்கே காற்றோடு கலந்து, என்ஜின் சூட்டில் ஆவியாகி, சிலிண்டருக்குப் போகும். ஸ்டார்ட் செய்யும் போது ஒவ்வொரு சிலிண்டரிலும் சில சொட்டுப் பெட்ரோல் விட வேண்டும். வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஸ்பார்க் நேரத்தை மாற்றுவார்கள். ஆக்ஸிலரேட்டர் எல்லாம் கிடையாது.

எளிமையாக இருக்கிறதே என்று தோன்றும். 1903 பிப்ரவரி 12-ம் தேதி கடையில் வைத்து என்ஜினை ஓட்டிப் பார்த்தார்கள். மறுநாள் மறுபடி ஓட்டினார்கள். பெட்ரோல் சொட்டிக் கொண்டிருந்தது. சொட்டியது பேரிங்கில் போய் இறங்கியது. பெட்ரோல் போன இடத்தில் எண்ணெய் நிற்குமா? கழுவிக் கொண்டு போய் விட்டது. காய்ந்து போன பேரிங் இறுகிப் பிடித்துக் கொண்டது. அத்தனை பாடுபட்டுச் செய்த கிராங்க் கேஸ் உடைந்தது, தாங்கியிருந்த சட்டமும் போச்சு. மறுபடி புது வார்ப்பு வந்து சேர ஏப்ரல் ஆயிற்று. மே மாதம்தான் திரும்ப ஓட்டிப் பார்க்க முடிந்தது. எண்ணெய் போட வேண்டிய இடத்தில் நாலு சொட்டுப் பெட்ரோல், அதற்கு விலை மூன்று மாதம்.

இதைப் படித்த போது எனக்கு நம்ம காலேஜ் ஞாபகம்தான் வந்தது. ஃபைனல் இயர் ப்ராஜெக்டாக நாங்கள் நாலு பேர் ஒரு பழைய மொபெட் என்ஜினை வைத்து ஒரு குட்டி வண்டி செய்தோம். டாங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் ட்யூபை வெட்டிப் போட்டோம். கண்ணாடி மாதிரி இருக்கும், பெட்ரோல் இறங்குவது தெரியும், அழகாக இருக்கும் என்று அதைப் போட்டது அடியேன்தான். மூன்று வாரம் நன்றாக ஓடியது. எக்ஸாமினர் வந்த அன்று காலையில் பார்த்தால் ட்யூப் மஞ்சளாகி, விறைத்து, சுருங்கி, மாட்டிய இடத்திலிருந்து நழுவிக் கொண்டிருக்கிறது. அந்த வகை பிளாஸ்டிக்கை இளக்கமாக வைத்திருக்கும் பொருளைப் பெட்ரோல் கரைத்து இழுத்து விடும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. வண்டியைத் தள்ளிக் கொண்டு போய்க் காட்டினோம். மார்க் போட்டார்கள், அது அவர்கள் பெருந்தன்மை. தரையில் ஓடும் வண்டி என்பதால் தள்ள முடிந்தது.

அக்கா மகனுக்கு நான் முதலில் சொன்னதே இதைத்தான். கார் உதிரிபாகக் கடையில் கிடைக்கிறது என்பதற்காக ஒன்றை விமானத்தில் போடாதே. அவன் நிலையான இடங்களில் எல்லாம் அலுமினிய ட்யூப் போட்டான், வெளி விட்டம் 3/8 அங்குலம். முனையை விரிக்கும் போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். விமான ஃபிட்டிங்கில் சாய்வு 37 டிகிரி. கார் பிரேக் லைனுக்கு நாம் பழகிய டூல் 45 டிகிரி. மாற்றிப் போட்டால் இறுக்கும் போது ஏறி உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும், பிறகு ஒரு நாள் கசியும். என்ஜின் அதிர்கிற பொருள், அதனால் கடைசி ஒரு அடிக்கு வளைந்து கொடுக்கும் ஹோஸ் வேண்டும், அதற்கு மேலே தீ தாங்கும் உறை வேண்டும். புகைப்போக்கிக் குழாய்க்குப் பக்கத்தில் லைன் போகக் கூடாது. சூட்டில் பெட்ரோல் உள்ளேயே ஆவியாகிக் குமிழி கட்டினால் ஓட்டம் நின்று போகும். நம்மூர் பங்கில் வரும் பெட்ரோலில் இப்போது எத்தனாலும் கலந்திருக்கிறது. அது சில ரப்பர்களை ஊதிப் போக வைக்கும், தண்ணீரையும் ஈர்த்து வைத்துக் கொள்ளும். ஆகவே ஹோஸ் வாங்கும் போது எத்தனால் தாங்குமா என்று கேட்டு வாங்குவது உத்தமம்.

ஃபில்டர் விஷயத்தில்தான் எங்கள் இருவருக்கும் வாக்குவாதமே நடந்தது. எவ்வளவுக்கு நுண்ணியதோ அவ்வளவுக்கு நல்லது என்பது அவன் கட்சி. டீசல் பம்பில் நானும் அப்படித்தான் பழகியவன். ஆனால் வானத்தில் ஃபில்டர் அடைத்துக் கொண்டால் ஓரமாக நிறுத்த இடமில்லையே! டாங்கின் வாயிலில் கொஞ்சம் பெரிய கண் உள்ள உலோக வலை போதும். அங்குலத்துக்கு 8 முதல் 16 கண், வலையின் பரப்பு வாயிலைப் போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது கம்பெனி விமானங்களுக்கு அமெரிக்காவில் வெகுகாலம் இருந்த விதி. குப்பை விழுந்தாலும் சுற்றி வழி இருக்கும். அடுத்து, லைனில் எல்லாவற்றையும் விடத் தாழ்ந்த இடத்தில் ஒரு கிண்ணம், அதில் தண்ணீரும் தூசும் தங்கும், ஒவ்வொரு தடவை கிளம்பும் முன்பும் கீழே இருக்கும் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்க்க வேண்டும். அதிலும் மெல்லிய உலோக வலை. கார்புரேட்டர் என்ஜினுக்கு இதுவே போதும். காகித ஃபில்டர் தண்ணீர் பட்டால் ஊறி அடைத்துக் கொள்ளும், கழற்றாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவும் தெரியாது. ஊசி முனை மாதிரி துவாரங்கள் உள்ள இன்ஜெக்ஷன் என்ஜினுக்கு நுண்ணிய ஃபில்டர் வேண்டியதுதான், அதற்குப் பெரிய பரப்புள்ளதாகப் பார்த்து வாங்கி, மாற்ற வேண்டிய தேதியையும் அதன் மேலேயே எழுதி வைக்க வேண்டும். கடைசியில் அவனும் உலோக வலைக்கே வந்தான்.

சார்லி கதைக்குத் திரும்புவோம். 1903 டிசம்பர் 17, கிட்டி ஹாக். முதல் தடவை 12 வினாடி, 120 அடி. நாலாவது தடவை 59 வினாடி, 852 அடி. உலகத்துக்கே தெரிந்த நாள். அன்று சார்லி அங்கே இல்லை. டேட்டனில் கடையைப் பார்த்துக் கொண்டிருந்தார். அதற்கு முந்தின மாதம் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பழுதாகி ரயிலில் டேட்டனுக்கு வந்தது, சார்லிதான் சரி செய்து அனுப்பினார். மறுபடி விரிசல் விட்டது. ஆர்வில் நேரிலேயே ஊருக்கு வந்து புது ஷாஃப்ட்டை எடுத்துக் கொண்டு போனார். பறந்து முடித்த பிறகு அடித்த காற்றில் விமானம் உருண்டு என்ஜின் உடைந்து போனது. அந்த என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டை 1906-ல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பி வைத்தார்கள். திரும்பி வரவே இல்லை. உளி வைத்துத் தட்டி எடுத்தது, யார் கொண்டு போனார்களோ!

1904, 1905 இரண்டு வருஷமும் டேட்டனுக்கு வெளியே ஹஃப்மன் புல்வெளியில் பயிற்சி. சார்லிக்குத் தினம் அங்கே வேலை. 1905 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் பறந்த நீண்ட பயணங்கள் ஒவ்வொன்றும் ஏன் நின்றது என்று சகோதரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். செப்டம்பர் 26, பெட்ரோல் தீர்ந்தது. 29, பெட்ரோல் தீர்ந்தது. அக்டோபர் 3, பேரிங் சூடானது. 4, பேரிங் சூடானது. 5-ம் தேதி வில்பர் 39 நிமிஷத்தில் 24 மைல் சுற்றினார், பெட்ரோல் தீர்ந்தது. பாருங்கள், ஒன்றில் கூட இறக்கை பழுது இல்லை, ஓட்டுகிறவர் தப்பு இல்லை. பறக்கும் வித்தை கைவந்து விட்டது. பாக்கி நின்றது எண்ணெயும் பெட்ரோலும், அதாவது சார்லியின் பெஞ்சு.

பெட்ரோல் டாங்கில் இருந்தால் மட்டும் போதாது, வர வேண்டிய வேகத்தில் வர வேண்டும். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, மாணவர்கள் குறித்துக் கொள்ளலாம். தானாக இறங்கும் அமைப்பானால், முழு வேகத்தில் என்ஜின் குடிப்பதைப் போல் ஒன்றரை மடங்கு வர வேண்டும். பம்ப் இருந்தால் ஒன்றேகால் மடங்கு. மணிக்கு 24 லிட்டர் குடிக்கும் என்ஜின் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒன்றரை மடங்கு 36 லிட்டர், நிமிஷத்துக்கு 600 மில்லி. கார்புரேட்டர் பக்கம் ட்யூபைக் கழற்றி, விமானத்தின் மூக்கை மேலே ஏறும் கோணத்துக்குத் தூக்கி வைத்து, டாங்கில் கொஞ்சமாகப் பெட்ரோல் விட்டு, ஒரு அளவுக் குவளையில் ஒரு நிமிஷம் பிடித்துப் பார்த்தால் தெரிந்து விடும். ஃபில்டர், வால்வ், வளைவு எல்லாம் மாட்டிய பிறகே பார்க்க வேண்டும். காரேஜில் நாங்கள் பார்த்த போது முதலில் வந்தது 450 மில்லிக்கும் கீழே. டாங்கின் மூடியில் காற்றுத் துவாரத்தைப் பெயிண்ட் அடைத்திருந்தது. பெயிண்ட் அடித்தது யார் என்று நான் கேட்கவில்லை.

பின்னால் வந்த ரைட் என்ஜின்களில் சிலிண்டர்கள் நிமிர்ந்து நின்றன, பெட்ரோலுக்கு ஒரு சின்ன பம்பும் வந்தது. 1908 செப்டம்பரில் வாஷிங்டனுக்கு அருகே ஃபோர்ட் மையர் மைதானத்தில் ராணுவத்துக்குப் பறந்து காட்டும் போது என்ஜின் பொறுப்பு சார்லிக்குத்தான். 17-ம் தேதி ஆர்வில் தன்னோடு சார்லியை அழைத்துப் போவதாக இருந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கடைசி நேரத்தில் லெப்டினன்ட் செல்ஃப்ரிட்ஜ் என்ற ராணுவ அதிகாரிக்கு இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. ப்ரொப்பெல்லர் பிளந்து, விமானம் மூக்குக் குப்புற விழுந்தது. செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். என்ஜின் பொருத்திய விமானத்தின் விபத்தில் இறந்த முதல் ஆள் அவர். ஆர்விலுக்கு எலும்பு முறிவு. ஓடிப் போய் ஆர்விலைத் தூக்கியவர்களில் சார்லியும் ஒருவர். ஆர்விலின் டையைத் தளர்த்தி மூச்சு விட வைத்து, அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு, உடைந்து கிடந்த விமானத்தில் சாய்ந்து கொண்டு அழுதாராம். பிறகு உடைந்த ப்ரொப்பெல்லர் துண்டை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே கொண்டு போய்க் காட்டி, எதனால் ஒடிந்தது என்று ஆர்விலோடு ஆராய்ந்தார். ஓட்டக் கற்றுக் கொள்ள ஆசைப்பட்டும் அவருக்குக் கற்றுத் தரவில்லை. மெக்கானிக் கையை விட்டுப் போய் விடுவார் என்ற பயமாக இருக்கலாம். நியாயமா என்றால், எனக்கு நியாயமாகப் படவில்லை.

1909-ல் வில்பர் நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையைச் சுற்றிப் பறந்தார். தண்ணீரில் விழ நேர்ந்தால் மிதக்கட்டும் என்று விமானத்தின் கீழே ஒரு சின்னப் படகைக் கட்டியிருந்தார்கள். அதையும் பொருத்தியது சார்லி.

1911-ல் கால் ராட்ஜர்ஸ் என்பவர் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு விமானத்தில் போகக் கிளம்பினார். 30 நாளுக்குள் முடித்தால் 50,000 டாலர் பரிசு. ஒரு குளிர்பானக் கம்பெனி செலவை ஏற்றதால் விமானத்துக்கு அந்தப் பானத்தின் பெயரே, வின் ஃபிஸ். கீழே ஒரு தனி ரயில் உதிரி பாகங்களோடு கூடவே போகும். சார்லிக்கு ஒரு நாளைக்கு 10 டாலர் சம்பளம் என்றதும் ஆர்விலிடம் சொல்லிக் கொண்டு கிளம்பி விட்டார். விழுந்து, ஒடிந்து, கட்டி, மறுபடி பறந்து, 49 நாளில் கலிஃபோர்னியா போய்ச் சேர்ந்தது. பரிசு கிடைக்கவில்லை. வழியெல்லாம் மாற்றி மாற்றிப் போட்டதில், கிளம்பிய போது இருந்த பாகங்களில் கடைசி வரை வந்தது சுக்கானும், ஒன்றிரண்டு கம்பங்களும், என்ஜினுக்கு அடியில் எண்ணெய் சொட்டுவதைப் பிடிக்கும் தட்டும்தான் என்று சொல்வார்கள். அந்தத் தட்டை நினைத்தால் எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, 1903 பிப்ரவரியை நினைத்து வருத்தமாகவும் இருக்கிறது.

வில்பர் 1912-ல் டைஃபாய்டில் இறந்தார். ஆர்வில் 1915-ல் கம்பெனியை விற்று விட்டார். சார்லி மேலும் சில வருஷம் ஆர்விலோடு இருந்தார். 1928-ல் கலிஃபோர்னியாவுக்குக் குடி போனார். சேர்த்து வைத்த பணத்தை சால்டன் ஏரிப் பக்கம் நிலத்தில் போட்டார். பெரிய பொருளாதாரச் சரிவு வந்தது, அத்தனையும் போச்சு. மனைவியும் காலமானார்.

1937-ல் ஹென்றி ஃபோர்டு, ரைட் சைக்கிள் கடையை டியர்பார்னில் வைக்க ஏற்பாடு செய்தார். பழைய லேத் எங்கே இருந்தது, பெஞ்ச் எந்தப் பக்கம் என்று சொல்ல ஆள் வேண்டும். சார்லியைத் தேடினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பெரிய விமானத் தொழிற்சாலையில் மணிக்கு 37 சென்ட் கூலிக்கு வேலை பார்த்துக் கொண்டிருந்தார். 36 வருஷத்துக்கு முன் 30 சென்ட், இப்போது 37 சென்ட்! பக்கத்து மெஷினில் நிற்கிறவர்களுக்குக் கூட இவர் யார் என்று தெரியாது. அவர் சொல்லவில்லை. ஃபோர்டிடம் வந்து, கடையைப் பழையபடி அமைத்துக் கொடுத்தார். 1938 ஏப்ரல் 16, வில்பரின் பிறந்த நாளில், திறப்பு விழா நடந்தது. நான் நின்று பார்த்த பெஞ்சும் லேத்தும் அவர் காட்டிய இடத்தில்தான் இருக்கின்றன என்று தெரிந்ததும் இன்னொரு தடவை போய்ப் பார்த்து விட்டு வந்தேன்.

1941-ல் மறுபடி கலிஃபோர்னியா. யுத்த காலத் தொழிற்சாலையில் வேலை. 1945-ல் மாரடைப்பு, அதோடு வேலை நின்றது. ஆர்வில் தன் உயிலில் சார்லிக்கு வருஷம் 800 டாலர் கிடைக்க ஏற்பாடு செய்திருந்தார். 1948 ஜனவரி 30-ம் தேதி ஆர்வில் இறந்தார். விலைவாசி ஏற ஏற 800 டாலர் எந்த மூலைக்கு? 1955-ல் ஒரு பத்திரிகை நிருபர் சார்லியைக் கண்டுபிடித்த போது அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் பொது ஆஸ்பத்திரியின் தர்ம வார்டில் படுத்திருந்தார். செய்தி வெளியானதும் விமானக் கம்பெனிக்காரர்கள் பணம் திரட்டி அவரைத் தனியார் மருத்துவ இல்லத்துக்கு மாற்றினார்கள். சில மாதம்தான் இருந்தார். 1956 ஜனவரி 30-ம் தேதி, ஆர்வில் இறந்து சரியாக எட்டு வருஷம் கழித்து அதே தேதியில், சார்லியும் போய்ச் சேர்ந்தார். வயது 87. பர்பாங்க் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் விமான முன்னோடிகளுக்காக இருக்கும் மண்டபத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். 50 வருஷம் விமான மெக்கானிக்காக வேலை பார்த்தவர்களுக்கு அமெரிக்க அரசு இவர் பெயரில்தான் விருது தருகிறது. அவர் பிறந்த மே 24 அங்கே விமான மெக்கானிக்குகளின் தினம்.

அக்கா மகன் விமானம் இன்னும் முடியவில்லை. காற்றுத் துவாரத்தைச் சுத்தம் செய்த பிறகு குவளையில் 640 மில்லி வந்தது, அது வரையில் திருப்தி. நம்ம காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் அந்தப் பழைய பெல்ட் லேத் இன்னும் ஒரு மூலையில் இருப்பதாகக் கேள்வி. ரீயூனியன் அன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் அந்தப் பக்கம்தான் போகப் போகிறேன். மெக்கானிக்கல் மாணவர்கள் யாராவது சாவி வாங்கி வைத்தால் சௌகரியமாக இருக்கும்.